லைன்ஸ்மேன் வீட்டு ஐஸ்

லூக்கே போகும் சாலையில் என் பஞ்சர் கடை.
நாற்பது டிகிரி வெயிலில்
டயர்களுக்கே வியர்க்கும்.
ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும்
நான்கு பேர் வந்து உட்கார்வார்கள்
தேய்ந்த லாரி டயர்களின் மேல்,
தோற்றதை இன்னொரு முறை தோற்க.

இன்று தோல்விகூடப் பேச்சில் இல்லை.
டிவியில் சம்மேளனத்துக் கனவான் ஒருவர்
காவலர் நடுவே, காகிதக் கோப்பால்
முகத்தை மறைத்தபடி காரில் ஏறுகிறார்.
கோப்பைப் பிடித்த கையில்
கடிகாரம் மின்னுகிறது.

"அது என் வீடு" என்றான் அர்செனியோ.
"உன் வீடும் உன் மாமியார் வீடும்"
திருத்தினான் வில்ஃப்ரிதோ, வங்கிக் காவலாளி.
தேனெடுத்தவன் புறங்கையை நக்குவான், சரி.
இவர்களுக்கு முழங்கை வரை பிசுபிசுப்பு.

கோப்பையைச் சுற்றுக்கு விட்டேன்.
பச்சை இலை, பனிநீர், தெரெரே.
ஒரே உறிஞ்சி, எல்லார் வாய்க்கும்.
எங்கள் வழக்கம் இது:
குடித்துவிட்டுச் சும்மா நீட்டினால்
இன்னும் ஊற்று.
நன்றி என்றால் போதும்.
அந்தச் சொல் வரும்வரை
ஊற்றுகிறவள் நிறுத்தக் கூடாது.

"ஒளிபரப்பை விற்றான், ஓட்டை விற்றான்,
எண்பத்தொன்பதாம் நிமிடப் பெனால்டியையும்
எவனோ வாங்கியிருக்கிறான், எழுதி வைத்துக்கொள்!"
"எல்லாமே சூது என்றால்
சீசன் டிக்கெட்டுக்கு ஏன் கடன் வாங்கினாய்?"
"கோல் விழுந்தபோது நான் கத்தினேனே,
அதுவுமா சூது?"

ஃபிதெலினா இரவு ஷிப்ட் முடித்து
நர்ஸ் உடுப்போடு தூங்காமல் வந்திருந்தாள்.
"அந்தக் கத்தலைத்தான் விற்கிறார்கள்" என்றாள்.
"முதலாளியைப் பற்றி
சரக்கு உட்கார்ந்து சண்டை போடுகிறது."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
நான் ஒரு டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினேன்.
குமிழி எங்கும் வரவில்லை.
ஆனால் காலையில் அது
தரையோடு ஒட்டிக் கிடந்தது, பார்த்தேன்.

"எலாதியோ, நீங்கள் உள்ளே இருந்தவர்.
நீங்கள் சொல்லுங்கள்."

கேட்டிருக்கக் கூடாது.
லைன்ஸ்மேனாக ஓடிய கால் அவருடையது.
எல்லைக்கு அப்பாலிருந்து வந்த அணிக்காக
ஒருமுறை கொடி உயர்த்திய கை.
அந்த ஃபிரிட்ஜ் கதை தெருவுக்கே தெரியும்,
அவர் வாயிலிருந்து கேட்டதில்லை, அவ்வளவுதான்.

"ஆஃப்சைடு இல்லை" என்றார்,
முப்பது வருடம் கழித்து ரெஃபரியிடம் சொல்வதுபோல்.
"ஒரு முழம் உள்ளே நின்றான். பார்த்தேன்.
திங்கட்கிழமை வண்டி வந்தது.
இரண்டு கதவு, வெள்ளை நிறம்.
அவளுக்கு அப்போது இன்சுலின்.
இன்சுலின் மட்டும்தான் வைத்தேன் என்று
சொல்ல மாட்டேன்.
பீரும் வைத்தேன்."

பிறகு அந்தப் பையன் பெயரைச் சொன்னார்:
கௌதென்சியோ. பதினொன்றாம் எண்.
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
ஆட்டக்காரர் பெயர்களைத் தூக்கத்திலும் ஒப்பிக்கும்
அர்செனியோவும் உதட்டைப் பிதுக்கினான்.
கேள்விப்பட்டதே இல்லை.

ஜாடிக்குள் ஐஸ்கட்டி ஒன்று உடைந்து
'டக்'கென்றது.
வாரா வாரம் வாளியில் அவர்தான் கொண்டு வருவார்,
அந்த இரண்டு கதவுக்குள்ளிருந்து.
போன ஞாயிறும், அதற்கு முந்தியதும்,
சம்மேளனத்தை எரிக்க வேண்டும் என்று
வில்ஃப்ரிதோ தொண்டை வறளக் கத்திய அன்றும்.

கோப்பையை ஃபிதெலினாவிடம் நீட்டினேன்.
உள்ளே பார்த்தாள். கடைசிவரை உறிஞ்சினாள்.
"நன்றி" என்றாள்.

மற்றவர்கள் சும்மா நீட்டினார்கள்.
ஊற்றினேன். வெயில் அப்படி.
நானும் குடித்தேன்.

டிவியில் அடுத்த ஆட்டம் தொடங்கியிருந்தது.
"ஸ்கோர் மட்டும் பார்க்கிறேன்" என்று
சத்தத்தைக் கூட்டினான் வில்ஃப்ரிதோ.

எலாதியோ காலி வாளியோடு எழுந்தார்.
வாசலில் நின்று, எங்களைப் பார்க்காமல்,
"அடுத்த வாரம் கொண்டு வரட்டுமா?" என்றார்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே
அர்செனியோ சொன்னான்:
"கொஞ்சம் பெரிய கட்டியாக."