இருபத்தைந்து டாலருக்குள்

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு ஒரு சட்டம் உண்டு.
தொப்பியிலிருந்து ஒரு பெயர்ச்சீட்டு,
அந்தப் பெயருக்கு ஒரு பரிசு,
இருபத்தைந்து டாலருக்கு மேல் ஒரு சென்ட் கூடாது.
சட்டம் போட்டவள் கோரின், என் நாத்தனார்.
டுலூத் நகராட்சியில் சொத்துவரிக் கணக்குப் பார்ப்பவள்.

இந்த வருடம் எனக்கு விழுந்தது எல்ராய்,
என் மாமனார்.
முப்பத்தெட்டு வருடம் இரும்புத்தாதுக் கப்பல்களில்
சுப்பீரியர் ஏரியைக் குறுக்கே கிழித்தவர்.
என்ன வேண்டும் என்றால் "ஒன்றும் வேண்டாம்" என்பார்.
அது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

நவம்பரில் தொடங்கினேன்.
பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில்
திரையின் முன்னால் நோயாளிகளின் நேரம்,
அதற்குப் பின்னால் ஒளிந்து ஒரு கம்பளிப் போர்வை.
கரும்பச்சை. ஓரத்தில் இரண்டு சாம்பல் கோடுகள்.
நூற்று நாற்பது டாலர்.

கூடையில் போட்டேன். வாங்கவில்லை.
பசிக்காதவள் போல எழுந்து போனேன்.
மறுநாள் மின்னஞ்சல்: "எதையோ மறந்துவிட்டீர்களே?"
மறக்கவில்லையப்பா,
பேரம் பேசுகிறேன்.

நூற்றுப் பத்து.
கறுப்பு வெள்ளியன்று தொண்ணூற்றொன்பது,
அதற்கு முந்தின நாள் நூற்றறுபதாக்கிவிட்டு.
"உங்களோடு முப்பத்தேழு பேர் இதைப் பார்க்கிறார்கள்"
என்று சிவப்பில் மினுக்கியது.
அவர்கள் வீட்டிலும் யாருக்கோ குளிரும்,
அவர்களுக்கே போகட்டும் என்று நான் நினைக்கவில்லை.
நாசமாய்ப் போங்கள் என்றுதான் நினைத்தேன்.

டிசம்பர் ஒன்பது, அதிகாலை மூன்று நாற்பது.
வெர்னரின் குறட்டை.
தெருவில் பனி வாரும் வண்டி
மஞ்சள் வெளிச்சத்தைச் சுவரில் சுழற்றிப் போயிற்று.
பெட்டி கிழிந்து திரும்பி வந்த சரக்கு,
ஒன்றே ஒன்று, நாற்பத்தாறு.
முதல்முறை வாங்குபவருக்குப் பதினைந்து விழுக்காடு கழிவு
(எங்கள் பூனை ஒட்டிலியின் பெயரில் கணக்குத் திறந்தேன்).
அட்டையில் சேர்ந்த புள்ளிகளுக்குப் பதினான்கரை.
இருபத்துநான்கு டாலர் அறுபது சென்ட்!

தூங்கியவனை உலுக்கினேன்.
"தீயா?" என்று எழுந்தான்.
"போர்வை" என்றேன்.

கிறிஸ்துமஸ் காலை.
எல்ராய் காகிதத்தைக் கிழிப்பவர் இல்லை;
ஒட்டுநாடாவை நகத்தால் மெல்ல உரித்தார்.
போர்வை வெளியே வந்ததும்
கோரினின் விரல்கள் ஓரத்தைத் தடவின, முத்திரையைத் திருப்பின.
தானம் வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கும் விரல்கள்.
"இதுவா இருபத்தைந்து?"

சட்டத்தை மீறிய தாராளக்காரியாக இருந்திருக்கலாம்,
வாய் திறக்காமல்.
ஆறு வாரமாக யாரிடமாவது சொல்லத் துடித்த நாக்கு
என்னைக் கேட்காமலே முடிவெடுத்தது.
போனை நீட்டினேன். ரசீது,
பூனை, புள்ளிகள், கிழிந்த பெட்டி, எல்லாம்.
சிரித்தார்கள். கோரினின் கணவன் கைதட்டினான்.
கோரின்கூட, எப்படி என்று எழுதித் தரச் சொன்னாள்.
நான் ஜெயித்துவிட்டேன்.
போர்வைதான் அவர் மடியில்
மெலிந்துகொண்டே போனது.

போன் கைமாறிக் கடைசியில் எல்ராயிடம் போயிற்று.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
எதையோ தேடிப் படித்தார்:
"மூன்று நாற்பது."
பிறகு என்னைப் பார்த்து,
"அப்போது பனி பெய்ததா?"
"பெய்தது."
"ம்" என்றார்.
முழங்காலுக்கு மேலே இழுத்துக்கொண்டார்.

ஜனவரி இரண்டாம் தேதி
ஒட்டிலிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.
அதே பச்சை, அதே இரண்டு கோடுகள்,
பெட்டி கிழியாதது,
பத்தொன்பது டாலர்.

அதை மட்டும்
நான் யாரிடமும் காட்டவில்லை.