சாக்பீஸ் அளவு

மூன்றாவது காரிலும் கெத்தின்
பாதிதான் உள்ளே போனான்.
முழங்கால் ஸ்டீயரிங்கை முட்ட,
பதிமூன்றாம் நம்பர் பூட்ஸ்
பிரேக்கையும் கிளட்சையும் சேர்த்தே மிதித்தது.
"கழற்றிவிட்டுப் பாருங்களேன்" என்றான் விற்பவன்.
கழற்றினான். காலுறையில் ஓட்டை.
தலை இன்னமும் ரோல் பாருக்கு மேலே
நாலு விரற்கடை.

ஷ்ரூஸ்பரி மழை, தகரத்தில்.

ஹில்டா பியூ கார் எதையும் காட்டவில்லை.
"படு" என்றாள், பட்டறைத் தரையைக் காட்டி.
பழைய டயரில் முதுகு சாய்த்து
இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி
நூற்று முப்பது கிலோவும் சிமெண்டில் கிடக்க,
சுற்றிலும் சாக்பீஸ் கோடு இழுத்தாள்,
தோளருகே கொஞ்சம் தாராளமாக.
"குளிர்காலக் கோட்டுக்கு."

எழுந்து பார்த்தான்.
கொலை நடந்த இடம் மாதிரி இருந்தது.
அவளோ அதற்குள்
இரும்புக் குழாயைக் கோட்டின்மேல் கிடத்தி
ரம்பத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.