மூன்றாவது விசிறி

ஏழாம் வகுப்பு ஆ பிரிவில் நான்கு விசிறிகள்.
மூன்றாவது, சுற்றுக்கு ஒருமுறை
டொக் என்னும்.
எனக்குக் கேட்டதில்லை.
பதினோரு வருடமாக அதன் கீழே நின்றுதான்
ஒளிச்சேர்க்கை நடத்துகிறேன்.

தஸ்லிமாவுக்குக் கேட்டிருக்கிறது.

வந்த முதல் வாரமே
பெஞ்சுக்கடியில் போய் உட்கார்ந்தாள்.
கூப்பிட்டால் வரமாட்டாள்,
இழுத்தால் கத்துவாள்.
திமிர் என்றேன் நான்.
செல்லம் அதிகம் என்றார் ஹெச்.எம்.
ஷூ கம்பெனி வேனையும்
அரைநாள் சம்பளத்தையும் விட்டுவிட்டு
அவள் அம்மா வந்து நின்று சொன்னது:
"வீட்ல மிக்ஸி போட்டா
தெருவுக்கு ஓடிடுது டீச்சர்."
தலையாட்டி அனுப்பினேன்.
மிக்ஸிக்கும் என் வகுப்புக்கும் என்ன சம்பந்தம்?

ஏப்ரல். பேரணாம்பட்டு வெயில்
பாறையில் பட்டுத் திரும்பி
ஜன்னலில் வந்து அடிக்கிற மதியம்.
காற்று என்று வந்ததெல்லாம் தோல் ஷெட் வாடை.
கரண்ட் போனது.
முப்பத்தெட்டுப் பேரும் ஓவென்று கத்தி
நோட்டால் விசிறிக்கொள்ள,
பெஞ்சுக்கடியிலிருந்து ஒரு கை மேலே வந்து
பென்சிலைத் தேடியது.
பிறகு தலை. பிறகு முழுசாக அவள்.
பலகையில் இருந்ததையெல்லாம் எழுதினாள்,
நான் விட்டிருந்த ஒரு துணைக்காலையும்
தானே போட்டு.

இருபது நிமிடம்.
கரண்ட் வந்தது. டொக்.
அவள் கை காதுக்குப் போனது.
அப்போதுதான் எனக்கும் கேட்டது.

நிறுத்திவிடலாம்தான்.
அதன் கீழே உட்காரும் எட்டுப் பேருக்கும் வேர்க்குரு.
"அவளுக்காக நாங்களா மிஸ்?"
கோகுலவாசன் முறைத்தான்.
என்னிடம் பதில் இல்லை.
இடம் மாற்றிப் பார்த்தோம்;
கடைசி பெஞ்சுக்கும் டொக் வந்தது.
மூன்று மனுவுக்குப் பிறகு
சம்பங்கி ஏணியோடு வந்து
பேரிங் தேஞ்சிருக்கு என்றார்.
நூற்றெண்பது ரூபாய்.

நூற்றெண்பது ரூபாய்.

எல்லாம் சரியாகிவிடவில்லை.
கணக்குப் பீரியடில் இன்னும் அழுகிறாள்.
மணியடித்தால் பெஞ்சுக்கடிதான்.
ஆனால் ஆயா மணிக்கட்டையை எடுப்பது தெரிந்ததும்
ஜன்னலோரத்துக் கோகுலவாசன்
இரண்டு விரல் காட்டுகிறான்.
யாரும் சொல்லவில்லை அவனுக்கு.
அவள் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

சில நாள், பாடத்தின் நடுவில்
நான் சும்மா நிற்கிறேன்.
டியூப்லைட் முனகுகிறது.
எங்கோ குழாய் சொட்டுகிறது.
நான்கு வருடம் முன்பு
டி.சி. வாங்கிப்போன பிரசன்னகுமார்
எப்போதும் சுவரைப் பார்த்தே உட்காருவான்.
எத்தனை முறை திருப்பி உட்காரவைத்திருப்பேன்,
தோளைப் பிடித்து.

இந்தப் பக்கம்
என்ன இருந்தது?