பெயரில்லாத பொத்தான்

வெள்ளையின் மேல் வெளிர் சாம்பல் எழுத்து.
ஏசி அறையில் அழகாகத்தான் இருந்தது.

ஆரப்பாளையம் பேருந்து நிலையம், பகல் பன்னிரண்டரை.
போனை உள்ளங்கையால் மறைத்து, குனிந்து,
நான் வடிவமைத்த பக்கத்தை நானே தேடுகிறேன்.
தெரிவது வெயிலும் என் மூக்கும்.

பக்கத்தில் சோணைமுத்து.
இருண்ட திரையைக் காதோரம் வைத்திருக்கிறார்.
அது கடகடவென ஓதுகிறது:
படம். படம். பொத்தான். பொத்தான்.

"என்ன பொத்தான்னு சொல்ல மாட்டேங்குது, தம்பி.
எவனோ பேர் வைக்காம விட்டிருக்கான்."

எவனோ.

தேனி வண்டி உறுமியது.
குரல் வந்த திசையில் நடந்து
கம்பியைப் பிடித்து ஏறிவிட்டார்.

ராத்திரி எழுத்தைக் கறுப்பாக்கினேன். அது சுலபம்.
பொத்தானுக்கு 'சமர்ப்பி' என்று அடித்தேன், அழித்தேன்.
யாருக்கு, எதைச் சமர்ப்பிக்க?

கடைசியில் அந்த நடத்துநர் கூவியதையே
தட்டச்சினேன்:
டிக்கெட் எடுங்க.