பின்பக்கம்

செவ்வாய்க்கிழமைகளில்
நாங்கள் தண்ணீர் வாங்குகிறோம்.

நெக்டோ போத்தலில் வரும்,
காய்ச்சல் பாணி தீர்ந்த போத்தலில் வரும்.
ஒருமுறை, முடிச்சிட்ட பொலித்தீன் பையில்
மீன்குஞ்சு வாங்கிப் போகிறவர்போல்
மடியில் ஏந்தி
சித்தாண்டியிலிருந்து பஸ்ஸில்
ஒரு கிணற்றைக் கொண்டுவந்தார் ஒருவர்.

போத்தலைக் கழுவிக் கொண்டுவரவும் என்று
வாசலில் ஒட்டியிருக்கிறோம்.
கழுவித்தான் வருகிறார்கள்,
சவர்க்காரம் போட்டு.
அது வேறு பிரச்சினை.

நான் ஆய்வுகூட உத்தியோகத்தன்.
விரிவுரை இல்லை, பட்டமளிப்பில் அங்கி இல்லை.
குழாய் கழுவுவேன், இலக்கம் எழுதுவேன்.
வருகிறவர்கள் என்னை டொக்டர் என்கிறார்கள்.
திருத்தித் திருத்திக் களைத்துவிட்டேன்.

பேரின்பநாயகி வந்தது ஆவணிக் கடைசியில்,
கொட்டுக் கிணறுகளில்
கடைசிக் கொட்டும் வெளியே தெரிகிற நாட்களில்.
வீடு கம்பஸ் மதிலுக்குப் பின்னால்,
களுவன்கேணிக்குப் போகிற பாதையில்.
விடிய நாலு மணிக்கு
ஹொஸ்டல் பிள்ளைகளுக்கு இடியப்பம் அவிக்கிறவ.

வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுத்தேன்.
ஆங்கிலத்தில் ஏழு வரி, ஏழு இலக்கம்,
கீழே முத்திரை.
பார்த்தா.
திருப்பிப் பார்த்தா, மிச்சம் அங்கே இருக்கும் என்று.
வெறுந்தாள்.

"குடிக்கலாமா, ஏலாதா?
அத எங்க எழுதிக் கிடக்கு?"

எங்கும் எழுதிக் கிடக்கவில்லை.
பதினோரு வருடமாக இலக்கம் கொடுத்திருக்கிறேன்.
ஒருவரும் கேட்கவில்லை,
அல்லது
கேட்கக் கூச்சப்பட்டுப் போயிருக்கிறார்கள்
சித்தாண்டிக்கும் கிரானுக்கும் ஏறாவூருக்கும்.

போல்பொயின்ற் பேனையால்
பின்பக்கத்தில் எழுதினேன்:
குடிக்க வேண்டாம். உப்பு.
குளிக்கலாம்.
தென்னை தாங்கும். மிளகாய் கருகும்.
மாரி பெய்து ஒரு மாதத்தால் திரும்பக் கொண்டுவாங்க.

கையெழுத்து வைக்கவில்லை.
பின்பக்கத்துக்குச் சுற்றுநிருபம் கிடையாது.

அடுத்த செவ்வாய்
ஏறாவூர் சித்தி மஸாஹிறா
போத்தலை வைக்க முதலே சொன்னா:
"பின்பக்கமும் எழுதித் தாங்க."

வருடாந்தப் படிவத்தில் ஒரு கட்டம்:
சமூகத்துக்கான சேவை, பயனாளிகளின் எண்ணிக்கை.
பேரின்பநாயகியை எத்தனை என்று போடுவது?
ஒன்றா?
வீட்டோடு ஐந்தா?
அந்தத் தண்ணீரில் குழைத்த மாவைத் தின்று
காலை எட்டு மணி வகுப்பில்
கொட்டாவி விடுகிற நூற்றுச் சொச்சம் பேரையும் சேர்த்தா?
கட்டம் சின்னது.
இன்னும் நிரப்பவில்லை.

மாரிக்குப் பிறகு வருவா என்றிருந்தேன்.
பத்து நாளில் வந்தா, இரண்டு போத்தலோடு.

"இது என்ட கிணறு.
மத்தது உங்கட டாங்கியடிக் கிணறு.
வோச்சர் தம்பி அள்ளித் தந்தவர்."

நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று
இலக்கமிட்டேன்.
கருவியை ஒருமுறை கழுவி, மறுமுறை கழுவி
மூன்றாம் முறையும் வைத்துப் பார்த்தேன்.
இரண்டும் ஒரே உப்பு.
தசமத்துக்குப் பின்னால்தான் வித்தியாசம்.

மதில் ஏழடி உயரம்.
அத்திவாரம் இரண்டடி.
அதற்குக் கீழே
மதில் இல்லை.

பின்னேரம் கன்ரீனில் தேநீர் குடித்தோம்.
இவ்வளவு காலமும் பால்மாவைக் குறை சொல்லியிருக்கிறோம்.

இப்போது கடைத் தண்ணீரில் மா குழைக்கிறா.
பார்சலுக்கு இருபது ரூபாய் கூட.
பிள்ளைகள் முறுமுறுக்கிறார்கள்.
அவ விளக்கம் சொல்வதில்லை.
அறிக்கையை
நீத்துப்பெட்டிக்கு மேலே ஆணியில் குத்தி வைத்திருக்கிறா,
என் கையெழுத்து வெளியே தெரிய.
ஆவி பட்டுப் பட்டு
வேண்டாம் என்கிற சொல்
நீலமாய்க் கசிகிறதாம்.

நேற்று முதலாம் வருடப் பிள்ளையொன்று
தாளைத் திருப்பிப் பார்த்ததாம்.
ஏழு இலக்கத்தையும்
ஒவ்வொன்றாய் வாய்விட்டு வாசித்ததாம்.

"மறுகா?" என்றேன்.

"மறுகா என்ன,
இடியப்பம் ஆறிப்போச்சு."