இருபத்திரண்டு டிகிரி

மூன்று நாளாக மழை.
குலை வெட்டு நின்றுபோய்
ஆலை எடைமேடையில்
ஒரு லோரியும் ஏறவில்லை.
என் தராசு பூஜ்யத்தில் கிடக்கிறது.
வீட்டுக்குப் போ என்றார் மேனேஜர்.
போகவில்லை.

பீடோர் பெரிய சடக்கில்
லியோங் ஐஸ் கடை வாசலில்
ஆறு வெள்ளிக்கு ஒரு பாளம் வாங்கி
சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தான் சந்திரகாசன்.
'இந்தக் குளிர்ல ஐஸா, பைத்தியமா உனக்கு?'
சில்லறையை எண்ணியபடி கேட்டார் லியோங்.
அவர் தமிழில்தான் திட்டுவார்.
கணக்கு மட்டும் சீனத்தில்.

இருபத்திரண்டு டிகிரி என்றது ரேடியோ.
எங்களுக்கு அது போதும்.
மரியசூசை மழைச்சட்டைக்குள் இரண்டு பனியன்.
அப்பாராவ் தலையோடு துண்டைக் கட்டி
பல்வலிக்காரன் மாதிரி வந்தான்.
எனக்கு, ஆபீஸ் ஏர்கோனுக்கென்று வாங்கிய
முழங்கை பிரிந்த ஸ்வெட்டர்.
அவன் மட்டும் அரைக்கால் சட்டை.
'இதெல்லாம் குளிராலா?'
வின்னிபெக்கில் இரண்டு குளிர்காலம் இருந்தவன்.
பட்டம் வாங்கியதுபோல் அதைச் சொல்வான்.

ஈயம் தோண்டியவர்கள்
மூடாமல் விட்டுப்போன குட்டை அது.
எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாததால்
ஆளுக்கொரு ஆழம் வைத்திருக்கிறோம்.
வெள்ளை மணலில் நாலு பேர்,
ஒரு கிழிந்த குடை,
நசுக்கிய செம்பனைப் பழம் இரையாக.
மழை தண்ணீரைக் குத்திக்கொண்டே இருந்தது.
எது மீன், எது மழை என்று
மிதவைக்கே குழப்பம்.

இரண்டு மணி நேரம் கழித்து
அப்பாராவுக்கு ஒரு தீலாப்பியா.
கையில் வாங்கிப் பார்த்தேன்.
'முந்நூற்றிருபது கிராம்.'
எவனும் மறுக்கவில்லை. என் பிழைப்பு அதுதானே.

அப்போது பெட்டியைத் திறந்தான் சந்திரகாசன்.
மீனை அடியில் போட்டான்,
பாளத்தை அதன்மேல் வைத்தான்,
மோட்டார் டூல்ஸிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் எடுத்து
உளி மாதிரிக் கொத்தினான்.
ஐஸ் தூள் எங்கள் முகத்தில் தெறித்தது.
விரல் நுழையும் ஓட்டை விழுந்ததும்
தூண்டில் கயிற்றை உள்ளே இறக்கி
குந்தி உட்கார்ந்தான்.
'அங்கே இப்படித்தான்.'

மரியசூசை பந்தாட்ட வர்ணனை ஆரம்பித்தான்.
'இதோ சந்திரகாசன்... எதிரில் யாருமில்லை...
மீன் ஏற்கெனவே செத்துவிட்டது... கோல்!'
அப்பாராவ் சிரிப்பில் துண்டு அவிழ்ந்து
தேநீர் மூக்கில் ஏறியது.
நானும் சிரித்தேன்,
விலா நோகும்வரை,
ஈரமணலில் கையை ஊன்றிக்கொண்டு.

அவன் மட்டும் எழுந்திருக்கவில்லை.
'ஓட்டை போட்டா மட்டும் பத்தாது.
கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா
கரண்டியால அள்ளிக்கிட்டே இருக்கணும்.
இல்லாட்டி மூடிக்கும்.'
'யாரோட போவே?' என்றான் மரியசூசை.
கயிற்றை லேசாகச் சுண்டிப் பார்த்தான்.
'குடிசை வாடகைக்குக் கிடைக்கும்.
ஓட்டையோட சேர்த்து.'

பிறகு கொஞ்ச நேரம்
மழைதான் பேசியது.

ஏஜெண்டுக்குக் கட்டிய பன்னிரண்டாயிரத்தில்
மூவாயிரம் வெள்ளி என்னுடையது.
சாலையில் என்னைக் கண்டால்
மோட்டாரை மெதுவாக்காமல் போவான்,
வந்த மாதத்திலிருந்து.
இன்றைக்கு அவனே போன் போட்டு
'வர்றியா?' என்றான்.
மீனைப் பற்றி மட்டும் சொன்னான்.
நானும் மீனைப் பற்றி மட்டும் கேட்டேன்.

இருட்டுமுன் கிளம்பினோம்.
மூன்று தீலாப்பியா, அடையாளம் தெரியாத ஒன்று.
எல்லாம் எனக்கே என்றார்கள்.
அவன் மோட்டாரில் பின்னால் ஏறி
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.
பாளம் கரைந்து கரைந்து
ஓட்டை மட்டும் பெரிதாகிக்கொண்டு வந்தது.
குளிர்ந்த தண்ணீர் முழங்காலில் வழிந்தது.
செம்பனை வரிசைகள் முடியும் வளைவில்
திரும்பாமலே கேட்டான்,
'ரொம்பக் கனக்குதா?'

நாளெல்லாம் லோரிகளை ஏற்றி இறக்கி
கிலோ தவறாமல் எழுதுகிறவள்,
'இல்லை' என்றேன்.