உப்புக் களத்தில் பாரிக்

ருசிகாதே துறைமுகத்தில் இரண்டு சபைகள்.
நடுவே ஒரு தெரு, மீன்செதில் ஒட்டிய தெரு.
எதிர்ச்சபை ஆட்கள் என் வாசலில் நின்று சொன்னார்கள்:
"படைவீரர் கேட்டதும் வேதச் சுருளை
நெருப்புக்கு எடுத்துக் கொடுத்தவன் பாரிக்.
அவன் கை பட்ட தண்ணீர் வெறும் தண்ணீர்.
குதுதா, வா, மறுபடி முழுகு.
உன் மகனையும் கூட்டி வா."

என் மகன் இத்திபால்
ஆலிவ் பறிக்கும் நாளில் காய்ச்சலில் போய்விட்டான்.
அவனை எங்கிருந்து கூட்டி வர?

இரவெல்லாம் வலை முடிந்தேன்.
வலை முடிபவளுக்கு ஒன்று தெரியும்:
ஓட்டை என்பது ஒரு பொருளல்ல.
கையில் எடுத்துக் காட்ட முடியாது,
சந்தையில் நிறுத்துப் போட முடியாது,
ஆனாலும் மீனெல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது.
ஓட்டையைத் தைத்தவர் யாருமில்லை;
அதைச் சுற்றி மிஞ்சிய நூலைத்தான் தைக்கிறோம்.
தீமையைப் படைத்தது யார் என்று
பிள்ளையைப் புதைத்த அன்று கேட்ட பிர்சிலுக்கு
இதற்கு மேல் சொல்ல எனக்குப் படிப்பில்லை.
அவன் அதைக் கேட்டுச் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.

இன்னொன்றும் தெரியும்.
இத்திபாலை வெளியே இழுத்தெடுத்த மருத்துவச்சி
போகிற போக்கில் என் வெண்கலக் கிண்ணத்தைச்
சேலைக்குள்... இல்லை, கம்பளிக்குள் சுருட்டிக்கொண்டு போனாள்.
திருடிதான்.
அதற்காகப் பிள்ளை பிறக்கவேயில்லை என்று ஆகிவிடுமா?

விடிந்ததும் உப்புக் களத்துக்கு நடந்தேன்.
என் காலால்தான் நடந்தேன், எவரும் இழுக்கவில்லை.
மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளை
அன்று எழுப்பிவிட்டது எது என்று கேட்டால்
அது நானில்லை.

பாரிக் இப்போது கூலிக்கு உப்பு சுமக்கிறார்.
விரலிடுக்கெல்லாம் வெடிப்பு.
"என் பையனை நினைவிருக்கிறதா?
தண்ணீர் பட்டதும் தும்மினானே."
நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தார்.
"இல்லையம்மா" என்றார். "பெயரைச் சொல்லு."

கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
வரவில்லை.
இந்த மனிதரே மறந்துவிட்ட பெயர்
இந்த மனிதரிடம் கொடுத்துவைத்த பெயராக இருந்திருக்காது.
அப்படியானால் அது நெருப்புக்கும் எட்டாது,
தெருவின் அந்தப் பக்கத்துக்கும் எட்டாது.

வெயில் ஏறியது. மேஸ்திரி கத்தினான்.
உப்புக் கூடையைத் தனியாளாய்த் தலைக்கு ஏற்ற முடியாது;
பாரிக் ஆள் தேடினார்.
நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

நடந்தது அவர்தான்.